லக்சபானவிலிருந்து நுரைச்சோலை வரை: நமது வீட்டுக்கு மின்சாரம் வந்த வழி



பாலாவிச் சந்தியில் திரும்பி கற்பிட்டி வீதியில் போகிற எவருக்கும் மூன்று காட்சிகள் தெரியும். முதலில் வெயிலிலும் காற்றிலும் உப்பு விளையும் பாத்திகள். அதே வீதியில் நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் உயர்ந்த புகைபோக்கி. மாம்புரிப் பக்கம் போனால் காற்றாலைகள். பாடப் புத்தகத்தில் இரண்டு நிரல்களாகப் பிரித்து எழுதப்பட்டிருப்பது நமது மாவட்டத்தில் ஒரே வீதியில் நிற்கிறது.

பிள்ளைகள் அந்த இரண்டு நிரல்களையும் மனப்பாடமாகச் சொல்வார்கள். நீர், காற்று, சூரியன் ஆகியவை மீளப்புதுப்பிக்கத்தக்க சக்தி முதல்கள். நிலக்கரி, எண்ணெய், இயற்கை வாயு ஆகியவை மீளப்புதுப்பிக்க முடியாதவை. பரீட்சைக்கு அது போதும். ஆனால் மழையும் வெயிலும் காற்றும் இவ்வளவு தாராளமாகக் கிடைக்கிற ஒரு தீவு, கப்பலில் வருகிற எண்ணெயையும் நிலக்கரியையும் நம்பி நிற்கும் நிலைக்கு எப்படி வந்தது? அந்த நிலக்கரி ஏன் நமது கரையில் வந்து இறங்கியது? இதற்கு அந்த நிரல்களில் பதில் இல்லை. வரலாற்றில் இருக்கிறது. அதைத்தான் நாம் இங்கே எழுத முயல்கிறோம்.

கொஞ்சம் நீளமான பதிவு. இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

முதல் விளக்கு

இலங்கையில் முதன்முதலாக மின்விளக்கு எரிந்தது 1895 ஆம் ஆண்டு, கொழும்பு கோட்டையில் இருந்த பிரிஸ்டல் ஹோட்டலில். பிறகு ட்ராம் வண்டிகளுக்கும் கொழும்பின் வீதிகளுக்கும் பெரிய வீடுகளுக்கும் மின்சாரம் வந்தது. இவையெல்லாம் வெளியிலிருந்து கொண்டுவந்த எரிபொருளில் ஓடிய இயந்திரங்கள். ஆகவே நமது மின்சார வரலாறு தொடங்கியதே இறக்குமதியில்தான்.

அதே காலத்தில் மலைநாட்டில் வேறொன்று நடந்து கொண்டிருந்தது. சில தேயிலைத் தோட்டத் துரைமார் பக்கத்து நீரோடையை மறித்து, தொழிற்சாலைக்குச் சிறிய நீர்மின் இயந்திரங்களைப் பொருத்தினார்கள். உயரத்திலிருந்து குழாயில் இறங்கும் தண்ணீர் சுழலியைத் தள்ளும். சுழலி மின்பிறப்பாக்கியைச் சுற்றும். எரிக்க ஒன்றும் தேவையில்லை.

இதை நாடு முழுவதற்கும் செய்யலாம் என்று கணக்குப் போட்டவர் காலியில் பிறந்த பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர. பொதுவேலைத் திணைக்களத்தில் பணியாற்றியவர். 1912 இல் நுவரெலியா நகருக்கு வெளிச்சம் கொடுக்க, அதற்கு அருகில் பிளக்பூல் என்ற இடத்தில் ஒரு சிறிய நீர்மின் நிலையத்தைக் கட்டினார். 1918 இல் இலங்கைப் பொறியியலாளர் சங்கத்தில் ஓர் ஆய்வுக் கட்டுரையை வாசித்தார். மஸ்கெலியா ஓயா, கெஹெல்கமு ஓயா ஆகியவற்றின் தண்ணீரைக் கொண்டு பெருமளவு மின்சாரம் எடுக்கலாம், அதை வைத்துக் கைத்தொழில்களை வளர்க்கலாம், ரயிலைக்கூட ஓட்டலாம் என்பது அவருடைய வாதம்.

ஒரு யோசனைக்கு 32 வருடம்

1918 இல் சொன்னது எப்போது நடந்தது தெரியுமா? 1950 இல். 32 வருடம்.

இடையில் நடந்ததைக் கவனியுங்கள். லக்சபான வேலை 1924 இல் தொடங்கியது. சில வருடங்களில் நிறுத்தப்பட்டது. பணம் போதாது என்றார்கள். பிறகு உலகப் பொருளாதார மந்தம் வந்தது. பிறகு இரண்டாம் உலகப் போர் வந்தது. விமலசுரேந்திர உத்தியோகத்தை விட்டு அரசியலுக்கு வந்து, 1931 இல் அரசாங்க சபைக்குத் தெரிவாகி, அங்கேயும் இதற்காகவே வாதாடினார்.

அந்த 32 வருடமும் கொழும்பு இருட்டில் இருக்கவில்லை. 1929 இல் கொழும்பில் ஸ்டான்லி மின் நிலையம் திறக்கப்பட்டது. அது எண்ணெயில் ஓடியது. தண்ணீர் மலையில் வீணே இறங்கிக் கொண்டிருக்க, கப்பலில் வந்த எண்ணெய் நகரத்துக்கு வெளிச்சம் கொடுத்தது.

இந்த இடத்தை மனதில் வைத்துக் கொள்ளுங்கள். இந்த நாட்டு மின்சாரத்தின் கதை முழுவதும் இதே விடயம்தான் திரும்பத் திரும்ப வருகிறது. பெரிய தீர்மானம் தாமதமாகும். அந்த இடைவெளியை எண்ணெய் வந்து நிரப்பும். தாமதித்தவர்கள் யாராக இருந்தாலும் எண்ணெய்க்கான பணத்தைக் கட்டுவது நாம்.

எண்ணெய் ஏன் வந்து நிரப்புகிறது? காரணம் எளிது. ஓர் அணை கட்டப் பல வருடம் வேண்டும். மலையைக் குடைய வேண்டும், ஆற்றைத் திருப்ப வேண்டும், ஆரம்பத்திலேயே பெரும் பணத்தைக் கொட்ட வேண்டும். கட்டி முடித்த பிறகு எரிபொருளுக்கு ஒரு சதமும் இல்லை. எண்ணெய் இயந்திரம் அப்படியல்ல. அவசரம் என்றால் ஒன்றிரண்டு வருடத்திற்குள் கொண்டுவந்து பூட்டிவிடலாம். ஆரம்பச் செலவு குறைவு. ஆனால் அது ஓடுகிற ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் வெளிநாட்டுக்குப் பணம் போகும். அவசரப்பட்டவன் கடைசியில் கூடுதலாகக் கட்டுவான் என்பது நமது கடைத்தெருவில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு.

தண்ணீரின் காலம்

லக்சபானவின் முதல் கட்டம் 1950 இல் 25 மெகாவாட்டுடன் ஆரம்பித்தது. அதிலிருந்து ஏறத்தாழ 45 வருடம் இலங்கை தண்ணீரில் எரிந்த நாடு. நோர்ட்டன் பிரிட்ஜில் விமலசுரேந்திரவின் பெயரிலேயே ஒரு நிலையம் 1965 இல் வந்தது. பிறகு பொல்பிட்டிய, புதிய லக்சபான, கென்யன். 1969 இல் இலங்கை மின்சார சபை அமைக்கப்பட்டது.

1977 க்குப் பிறகு துரித மகாவலித் திட்டம். முப்பது வருடத்தில் செய்யத் திட்டமிட்டதை ஆறு வருடத்தில் செய்வோம் என்றார்கள். பிரித்தானிய உதவியில் விக்டோரியா (210 மெகாவாட்), சுவீடன் உதவியில் கொத்மலை (201 மெகாவாட்), மேற்கு ஜெர்மனி உதவியில் ரந்தெனிகல என்று எண்பதுகளில் அடுத்தடுத்து அணைகள் எழுந்தன. 1985 இல் விக்டோரியாவைத் திறந்து வைக்க பிரித்தானியப் பிரதமர் மார்கரட் தட்சரே வந்தார்.

1995 இல் நாட்டின் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நீரிலிருந்து வந்தது. இன்று உலகம் முழுவதும் எட்டத் துடிக்கிற ஒரு நிலையில் நாம் அன்றே இருந்தோம்.

ஆனால் இரண்டு விடயங்களைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் இது அரைகுறை வரலாறாகிவிடும்.

ஒன்று, அந்த மின்சாரம் எல்லோருக்கும் போய்ச் சேரவில்லை. 1990 அளவில் நாட்டின் மூன்றில் ஒரு வீட்டுக்குத்தான் மின் இணைப்பு இருந்தது. நமது பகுதியில் நாற்பது வயதைத் தாண்டியவர்களைக் கேளுங்கள். குப்பி விளக்கில் படித்ததையும், விடியும்போது மூக்கில் கரி படிந்திருந்ததையும் சொல்வார்கள். பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர் என்பது பெருமையான எண்தான். ஆனால் பாதிக்கு மேற்பட்ட வீடுகளை இருட்டில் வைத்துக் கொண்டு கிடைத்த எண் அது.

இரண்டாவது, சுத்தமான மின்சாரத்துக்கும் விலை கொடுத்தவர்கள் இருந்தார்கள். விக்டோரியா நீர்த்தேக்கத்தின் கீழே பழைய தெல்தெனிய நகரம் கிடக்கிறது. மவுசாக்கலை நீர்த்தேக்கத்தின் கீழே பழைய மஸ்கெலியா நகரம் கிடக்கிறது. கடும் வரட்சி வந்து நீர்மட்டம் இறங்கும் வருடங்களில் பழைய வணக்கத்தலங்களின் இடிபாடுகள் சேற்றுக்கு மேலே தெரியும். மக்கள் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். மழை வந்ததும் மறுபடி மூழ்கிவிடும். நாம் தட்டுகிற சுவிட்ச் ஒவ்வொன்றுக்கும் பின்னால் யாரோ ஒருவரின் ஊர் இருக்கிறது.

1996: வானம் கைவிட்ட வருடம்

1996 இல் மழை பொய்த்தது. நீர்த்தேக்கங்கள் வற்றின. நாடு முழுவதும் நாளாந்தம் பல மணி நேர மின்வெட்டு. தொழிற்சாலைகள் நின்றன. கடைகளின் வாசலில் ஜெனரேட்டர்கள் உறுமின. நம்மில் அந்த வருடத்தை அனுபவித்தவர்களுக்கு அந்தச் சத்தம் இன்னும் ஞாபகம் இருக்கும்.

மழையைக் குற்றம் சொல்வது எளிது. ஆனால் வரட்சி இந்த நாட்டுக்குப் புதியதல்ல. அரசர்கள் காலத்திலிருந்து குளம் கட்டி வாழ்ந்த தேசம் இது. அநுராதபுரத்தையும் நமது வன்னாத்தவில்லுவையும் பார்த்தவருக்கு மழை எத்தனை வருடத்துக்கு ஒருமுறை பொய்க்கும் என்று சொல்லித் தர வேண்டியதில்லை. பெரிய நீர்மின் இடங்கள் முடிந்து வருகின்றன, மின் தேவை வருடத்துக்கு வருடம் கூடுகிறது, ஆகவே தண்ணீருக்குத் துணையாக இன்னொன்று வேண்டும் என்பது எண்பதுகளிலேயே திட்டமிடுபவர்களுக்குத் தெரியும். அந்த இன்னொன்று நிலக்கரி என்று அப்போது பேசப்பட்டது. பேசியபடியே பத்து வருடத்துக்கு மேல் போய்விட்டது. வரட்சி வந்தபோது கையில் ஒன்றும் இல்லை.

அப்புறம் என்ன? 1929 இல் நடந்ததுதான். எண்ணெய் வந்தது. தனியார் டீசல் நிலையங்கள் ஒன்றன் பின் ஒன்றாக ஒப்பந்தம் செய்யப்பட்டன. 2000 ஆம் ஆண்டு கொழும்புத் துறைமுகத்தில் ஒரு மிதவையின் மேலேயே 60 மெகாவாட் எண்ணெய் நிலையம் கட்டி நிறுத்தினார்கள். 1995 இல் பத்தில் ஒன்பது பங்காக இருந்த நீர்மின்சாரம் 2000 அளவில் பாதிக்கும் கீழே இறங்கியது. ஐந்தே வருடத்தில் ஒரு நாடு தண்ணீரிலிருந்து எண்ணெய்க்கு மாறியது. அப்படி மாறுவோம் என்று யாரும் திட்டமிட்டு முடிவெடுக்கவில்லை. முடிவெடுக்காமல் இருந்ததால் அப்படி ஆனது.

அப்படியும் மின்வெட்டு தீரவில்லை. 2001, 2002 இலும் வரட்சி வந்தது, மின்வெட்டும் வந்தது.

எண்ணெய் விட்டுச் சென்ற தடம் பணத்தில் மட்டும் இல்லை. யாழ்ப்பாணத்தில் சுன்னாகம் மின் நிலையப் பகுதியைச் சுற்றியுள்ள கிணறுகளில் எண்ணெய் கலந்தது உயர்நீதிமன்றம் வரை போன விடயம். சுண்ணாம்புக் கல் நிலத்தில் கலந்த எண்ணெயை யாரும் எளிதில் வடித்தெடுக்க முடியாது. நமது புத்தளத்திலும் சுண்ணாம்புக் கல் நிலம் உண்டு என்பதை ஞாபகப்படுத்திக் கொள்வோம்.

நிலக்கரி நமது கரைக்கு வந்த கதை

நிலக்கரி நிலையத்துக்கு முதலில் பேசப்பட்ட இடம் நுரைச்சோலை அல்ல, திருகோணமலை. யுத்தம் வந்தது, அது நடக்கவில்லை. பிறகு தெற்கே தங்காலைப் பக்கம் மாவெல்ல என்ற இடத்தைப் பார்த்தார்கள். அங்கே எதிர்ப்பு எழுந்தது, கைவிட்டார்கள். அதன் பிறகே நமது கரையைப் பார்த்தார்கள்.

இங்கேயும் எதிர்ப்பு இருந்தது. தலவில புனித அன்னம்மாள் ஆலயம் பக்கத்தில் இருப்பதால் கத்தோலிக்கத் திருச்சபை முன்னின்று எதிர்த்தது. மீனவர்களும் தோட்டக்காரர்களும் எதிர்த்தார்கள். ஆட்சிகள் மாறின, தீர்மானங்களும் மாறின. கடைசியில் 2006 இல் சீனக் கடனில் வேலை தொடங்கியது. 2011 மார்ச்சில் முதல் 300 மெகாவாட் தேசிய வலையமைப்பில் சேர்ந்தது. 2014 இல் மூன்று அலகுகளும் முடிந்து மொத்தம் 900 மெகாவாட் ஆனது. இன்றும் நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நமது மாவட்டத்திலிருந்து போகிறது.

நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்வோம். எண்ணெயோடு ஒப்பிட்டால் நிலக்கரி மின்சாரம் மலிவு. அது வந்த பிறகு வரட்சி வருடங்களில் நாடு முன்போலத் தடுமாறவில்லை. கிராமத்து வீடுகளுக்கெல்லாம் மின்சாரம் போய்ச் சேர்ந்ததும் இந்தக் காலத்தில்தான். 2016 அளவில் ஏறத்தாழ எல்லா வீடுகளுக்கும் இணைப்புக் கிடைத்துவிட்டது.

ஆனால் அந்த மலிவு விலையில் சேர்க்கப்படாத ஒரு கணக்கு இருக்கிறது. வருடத்துக்கு இருபது இலட்சம் தொன்னுக்கு மேல் நிலக்கரி இந்தோனேசியா, தென்னாபிரிக்கா, ரஷ்யா போன்ற நாடுகளிலிருந்து கப்பலில் வருகிறது. கரையோரம் ஆழமில்லாததால் கப்பல் தூரத்தில் நிற்கும். அங்கிருந்து பார்ஜ்களில் இறக்கி இறங்குதுறைக்குக் கொண்டுவர வேண்டும். சோளகக் காற்று வீசும் மாதங்களில் கடல் கொந்தளிப்பதால் இது நடக்காது. ஆகவே வருடம் முழுவதற்கும் தேவையான நிலக்கரியைக் கடல் அமைதியாக இருக்கும் மாதங்களுக்குள் இறக்கி, திறந்த வெளியில் மலைபோலக் குவித்து வைக்கிறார்கள். எரித்த பிறகு மிஞ்சும் சாம்பலும் அங்கேயே குவிகிறது.

பிறகு அதே சோளகம் வீசும்போது அந்தத் தூளும் சாம்பலும் எங்கே போகும்? நுரைச்சோலையைச் சுற்றியுள்ள மக்கள் பல வருடங்களாக இதைத்தான் முறையிட்டு வருகிறார்கள். வெங்காயப் பாத்தியிலும், மிளகாய்ச் செடியிலும், துணி காயப் போட்ட கொடியிலும், கிணற்றிலும் கரி படிகிறது என்கிறார்கள். தெல்தெனியவின் பழைய ஊரைத் தண்ணீர் ஒரே தடவையில் மூடியது. இங்கே கொஞ்சம் கொஞ்சமாக மூடுகிறது.

2022: டொலர் இல்லாத நாட்டில் எண்ணெய்

நிலக்கரி வந்தும் எண்ணெய் போகவில்லை. 2010 அளவில் கெரவலப்பிட்டியவில் 300 மெகாவாட் நிலையம் ஒன்று முழுமையாக இயங்கத் தொடங்கியது. இயற்கை வாயுவிலும் ஓடக்கூடியதாகத்தான் அதைக் கட்டினார்கள். வாயுவை இறக்குமதி செய்ய முனையம் வரவில்லை. ஆகவே அதுவும் எண்ணெயில் ஓடியது. சம்பூரில் இந்தியாவோடு சேர்ந்து கட்டவிருந்த நிலக்கரி நிலையம் பத்து வருடம் பேசப்பட்டு, 2016 இல் கைவிடப்பட்டது. மூதூர் மக்களுக்கு அது நிம்மதி. ஆனால் அதற்குப் பதிலாக எது என்ற கேள்விக்கு அப்போது பதில் வரவில்லை. பதில் வராத இடத்தில் மறுபடி எண்ணெய்.

2022 இல் எண்ணெய் வாங்க நாட்டிடம் டொலர் இல்லாமல் போனது. நடந்ததை நாம் விவரிக்கத் தேவையில்லை. மார்ச் 31 அன்று 13 மணி நேர மின்வெட்டு. மூன்று நாள் கழித்து ஏப்ரல் 3 இல் ரமழான் தொடங்கியது. ஸஹருக்கு எழும்பினாலும் இருட்டு, நோன்பு திறக்கும்போதும் இருட்டு. மண்ணெண்ணெய்க்கு வரிசை, காஸுக்கு வரிசை. அந்த வருடம் ஆகஸ்டில் மின் கட்டணம் சராசரியாக 75 சதவீதம் உயர்ந்தது. 2023 பெப்ரவரியில் மறுபடி 66 சதவீதம் உயர்ந்தது. பல வருடங்களாகச் செலவை மறைத்து வைத்திருந்த விலை ஒரேயடியாக நமது கரண்ட் பில்லில் வந்து நின்றது.

மீளப்புதுப்பிக்க முடியாத சக்தி என்றால் என்ன என்பதற்கு 2022 நமக்குப் புதிய விளக்கம் ஒன்றைத் தந்தது. பூமிக்கடியில் ஒருநாள் தீர்ந்து போகும் என்பது புத்தக விளக்கம். அந்த நாள் நமது பேரப்பிள்ளைகளின் காலத்தில் வரலாம். ஆனால் நமது கையில் பணம் தீர்ந்த அன்றைக்கே அது நமக்குத் தீர்ந்து போனது. சவூதியிலும் ரஷ்யாவிலும் எண்ணெய் ஏராளமாக இருந்தது. நமது தாங்கிதான் வெறுமையாக இருந்தது.

காற்றும் வெயிலும்

இந்த நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணை 1999 இல் ஹம்பாந்தோட்டையில் பரீட்சார்த்தமாக நிறுவப்பட்டது. வெறும் 3 மெகாவாட். 2010 இல் மாம்புரியில் 10 மெகாவாட் காற்றாலைகள் வந்தன. 2020 டிசம்பரில் மன்னார்த் தீவில் 30 காற்றாலைகளோடு 103.5 மெகாவாட் நிலையம் திறக்கப்பட்டது. திறக்கப்பட்டபோது அது நமது மின்சார சபைக்கே சொந்தமாக இருந்தது.

இங்கே ஒரு விடயம் கவனிக்கத்தக்கது. நுரைச்சோலைக்குக் கப்பல் வர முடியாத அதே சோளக மாதங்களில்தான் புத்தளத்திலும் மன்னாரிலும் காற்றாலைகள் ஆகக் கூடுதலாகச் சுழல்கின்றன. ஒரே காற்று. ஒன்றுக்குத் தடை, மற்றதற்கு எரிபொருள். இதைக் கணக்கில் எடுத்துத் திட்டமிட இத்தனை காலம் ஏன் என்று கேட்கத் தோன்றுகிறது.

ஆனால் மன்னாரிலும் பாதை சுத்தமாக இல்லை. 2025 இல் மன்னார் மக்கள் புதிய காற்றாலைகளுக்கு எதிராக வீதிக்கு இறங்கினார்கள். தாழ்வான சிறிய தீவு அது. வெள்ளம் வடிந்தோடும் வழி அடைபடுகிறது, மீன்பிடி பாதிக்கிறது, வலசை வரும் பறவைகளின் பாதையில் சிறகுகள் சுழல்கின்றன என்பது அவர்களின் வாதம். நம்மில் பலருடைய பூர்வீகம் மன்னார். 1990 இல் அங்கிருந்து வெளியேற்றப்பட்டு இங்கே வந்தவர்களின் பிள்ளைகள் நமது வகுப்புகளில் இருக்கிறார்கள். காணி என்றால் என்ன என்பது அந்தக் குடும்பங்களுக்குத் தெரியும். “சுத்தமான சக்திதானே, ஏன் எதிர்க்கிறார்கள்” என்று நாம் இங்கிருந்து சொல்லிவிட முடியாது. நுரைச்சோலையில் நம்மைக் கேட்காமல் செய்தது தவறென்றால், மன்னாரில் அவர்களைக் கேட்காமல் செய்வதும் தவறுதான்.

வெயிலின் கதை வேகமானது. 2016 இல் அரசாங்கம் கூரைச் சூரிய மின்சாரத் திட்டத்தைப் பெரிதாக ஆரம்பித்தது. 2024 முடிவதற்குள் கூரைகளில் மட்டும் ஆயிரம் மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. சம்பூரில் நிலக்கரிக்கென ஒதுக்கிய இடத்தில் இப்போது 120 மெகாவாட் சூரிய மின் நிலையம் கட்டப் போகிறார்கள். 2025 ஏப்ரலில் அதற்கு அடிக்கல் நாட்டப்பட்டது.

ஆனால் 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை காலை, பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்தது. நாடு முழுவதும் இருண்டது. எல்லோரும் குரங்கை வைத்துப் பகிடி பண்ணினோம். உண்மையில் அன்று நடந்ததை விளங்கிக் கொள்வது முக்கியம்.

நீர், அனல்மின் நிலையங்களில் பல தொன் எடையுள்ள சக்கரங்கள் சுழன்று கொண்டிருக்கும். வலையமைப்பில் எங்காவது ஓர் அடி விழுந்தால், அந்தச் சுழற்சியின் வேகம் சில நொடிகளுக்குத் தாக்குப் பிடிக்கும். அதற்குள் மற்ற இயந்திரங்கள் சுதாரித்துக் கொள்ளும். சூரியப் படலில் சுழல்வது ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் அன்று தேவை குறைவு. நல்ல வெயில் என்பதால் கூரை மின்சாரம் கூடுதல். சுழலும் பெரிய இயந்திரங்கள் குறைவாகவே ஓடிக் கொண்டிருந்தன. ஆகவே ஒரு சிறிய அடியை நாடு தாங்கவில்லை. நுரைச்சோலையும் நின்று, சில நாள் மின்வெட்டு. அதே வருடம் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், கூரைச் சூரிய மின்சாரத்தைப் பகலில் நிறுத்தி வையுங்கள் என்று மின்சார சபை உரிமையாளர்களைக் கேட்டுக் கொண்டது.

2022 இல் மின்சாரம் இல்லாமல் தவித்த நாடு, மூன்று வருடத்தில் பகல் மின்சாரத்தை வைத்திருக்க இடமில்லாமல் தவித்தது. நாட்டின் மின் தேவை உச்சத்துக்கு ஏறுவது மஃரிபுக்குப் பிறகு, இஷாவை ஒட்டிய நேரத்தில். சூரியன் அப்போது போய்விடும். பகலில் கிடைப்பதை இரவுக்குச் சேமிக்காவிட்டால் அந்த இரவை மறுபடி எண்ணெய்தான் நிரப்பும்.

சேமிக்க வழி உண்டு. ஒன்று பெரிய பட்டரிகள். மற்றது பழைய தண்ணீர்தான். மேலே ஒரு நீர்த்தேக்கம், கீழே ஒரு நீர்த்தேக்கம். பகலில் மிஞ்சும் சூரிய மின்சாரத்தில் தண்ணீரை மேலே ஏற்றி, இரவில் இறக்கிச் சுழலியைச் சுற்றலாம். அரநாயக்கப் பக்கம் மஹ ஓயாவில் 600 மெகாவாட் அளவில் இப்படி ஒன்று கட்ட நீண்ட காலமாகத் திட்டம் பேசப்படுகிறது. விமலசுரேந்திர மலையைப் பார்த்துப் போட்ட கணக்கு நூறு வருடம் கழித்து இன்னொரு வடிவில் திரும்ப வந்திருக்கிறது. இந்தத் தடவை எத்தனை வருடம் எடுக்கப் போகிறார்கள் என்பதுதான் கேள்வி.

நமது பங்கு

2030 இல் நாட்டின் மின்சாரத்தில் 70 சதவீதத்தை மீளப்புதுப்பிக்கத்தக்க சக்தியிலிருந்து எடுப்பது அரசின் இலக்கு. புதிதாக நிலக்கரி நிலையம் கட்டுவதில்லை என்றும் 2021 இல் அறிவித்தார்கள். நல்லது. இதற்கெல்லாம் இடம் தேவை. காற்றும் வெயிலும் தரிசு நிலமும் உள்ள மாவட்டம் எது? அடுத்த திட்டம் நம்மைத் தேடித்தான் வரும்.

வரும்போது நாம் எப்படி நிற்க வேண்டும்? வரலாறு இரண்டு பாடங்களைச் சொல்கிறது. எதையும் வேண்டாம் என்று மட்டும் சொல்லித் தள்ளிப் போட்டால் அந்த இடைவெளி எண்ணெயாகி நமது பில்லுக்கே வரும். எதையும் கேட்காமல் விட்டால் நுரைச்சோலை போல முடியும். ஆகவே நேரத்தோடு கேட்பதுதான் வழி. எந்த இடம், யாருடைய காணி, தண்ணீர் எங்கே வடியும், மீனவருக்கு எந்த வழி, சாம்பலுக்கு யார் பொறுப்பு என்று, கட்டுவதற்கு முன்னால் கேட்க வேண்டும்.

சுற்றாடல் அறிக்கைகள் மக்கள் கருத்துக்காகத் திறந்து வைக்கப்படும். மின்கட்டணம் மாற்றப்படும்போது பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு பொதுமக்களிடம் கருத்துக் கேட்கும். அங்கே நமது ஊர்களிலிருந்து போகிறவர்கள் எத்தனை பேர்? பள்ளிவாசல் நிர்வாகங்களும், மீனவர் சங்கங்களும், விவசாய அமைப்புகளும் தங்களுக்குள் வாசிக்கத் தெரிந்த ஓர் இளைஞரை இதற்கென நியமித்தால் போதும். சாம்பல் படிந்த நாட்களைத் திகதியோடு படம் எடுத்து ஒரு கொப்பியில் எழுதி வைத்தால், நாளைக்கு அதுவே ஆதாரம்.

வீட்டில் செய்ய வேண்டியதும் உண்டு. இரவு ஆறரையிலிருந்து பத்தரை வரை அயனும் தண்ணீர் மோட்டரும் ஓடத் தேவையில்லை. பகலில் போடலாம். வீண்விரயம் நமது மார்க்கத்தில் தடுக்கப்பட்டது என்று நாம் மிம்பரில் கேட்கிறோம். அது சோற்றுக்கு மட்டும் சொன்னதல்ல. பள்ளிவாசல், மத்ரஸா, பாடசாலைக் கூரைகள் பகலெல்லாம் வெயிலில் காய்கின்றன. இனிப் படல் போடுகிற நிர்வாகங்கள் பட்டரியையும் சேர்த்தே கணக்குப் பாருங்கள். மஃரிபுக்குப் பிறகு எரிகிற விளக்குக்குத்தான் நாடு எண்ணெய் எரிக்கிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நமது ஒவ்வோர் ஊருக்கும் மின்சாரம் எந்த வருடம் வந்தது, முதல் விளக்கு எங்கே எரிந்தது, நுரைச்சோலைக்குக் காணி போனபோது ஊரில் என்ன பேசினார்கள் என்பதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. மூத்தவர்களின் ஞாபகத்தில் மட்டும் இருக்கிறது. உங்கள் வாப்பாவிடம், உம்மாவிடம், மூத்தப்பாவிடம் கேட்டு, ஊரின் பெயரையும் வருடத்தையும் போட்டு எழுதி அனுப்புங்கள். பிள்ளைகளோடு சேர்ந்து அதையெல்லாம் தொகுத்து வைப்போம். அடுத்த தீர்மானம் வருகிற நேரத்தில் நமது கையில் நமது வரலாறாவது இருக்கட்டும்.

வஸ்ஸலாம்.